நிறுத்தச் சொல்ல ஆளில்லாத கிணறு

சத்தியம்! சூடத்தை அணைத்துச் சொல்கிறேன், பெற்ற பிள்ளையின் தலையில் கைவைத்துச் சொல்கிறேன், நான் சொல்லப்போவதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தால் நாளை விடியும்போது என் நாக்கு தலைமாட்டில் தனியாகக் கிடக்கட்டும். நம்பாதவர்கள் சொக்கன்கரட்டுக்கு பஸ் ஏறிப் போய், வடக்குக் காட்டில் வெறுந்தரையில் காதை வைத்துப் படுத்துப் பாருங்கள். வெயில் தாழ்ந்த பிறகு போங்கள். உச்சிவெயிலில் படுத்துக் காது வெந்துபோனால் அதற்கு நான் பொறுப்பில்லை.

கிழக்கு எல்லையில் சண்டை ஓய்ந்து, ஆற்றிலும் சேற்றிலும் இடுப்பளவுத் தண்ணீரிலேயே நின்று நின்று கால்விரல் இடுக்கில் பச்சைப் பாசி முளைத்துப்போய் ஊர் திரும்பிய கழுவனுக்கு, சர்க்கார் சந்தோஷப்பட்டு வடக்குக் காட்டில் ஐந்து ஏக்கர் நிலம் கொடுத்தது. நிலம் என்பது காகிதத்தில்தான். நேரில் போய்ப் பார்த்தால் சுக்கான்பாறையும், வெள்ளாடே வாய் வைக்க யோசிக்கிற முள்ளும், நடுவில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிற ஒரு ஒற்றை ஓணானும்தான் இருந்தன. பட்டாவைக் கையில் கொடுத்த கர்ணம், வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

"கண்டிசன் பட்டாப்பா இது. மூணு வருசத்துக்குள்ள வெள்ளாமை எடுக்கணும். நிலத்துலயே குடியிருக்கணும். மேல் மண்ணுதான் உனக்கு, கீழ கிடக்கிறது பூராம் சர்க்காருக்கு. இதுல ஒண்ணு தப்புனாலும் நிலம் திரும்பிப் போயிரும், ஆமா."

"தண்ணிக்கு?" என்றான் கழுவன்.

"தண்ணியையும் சர்க்காரே கொடுத்துட்டா அப்புறம் நீ எதுக்கு?" என்றார் கர்ணம்.

விருமாயி கழுவனின் பெண்டாட்டி. கல்யாணம் ஆகி வாசலில் போட்ட பந்தல் பிரிக்கிறதுக்குள் தந்தி வந்து ரயிலேறியவன் அவன். நடுவில் லீவில் வந்து போனதையும் சேர்த்து, அவளும் அவனும் ஒன்றாக வாழ்ந்த நாளைக் கூட்டிப் பார்த்தால் ஒரு பாத்தி பாசிப்பயறு விளைகிற காலம்கூடத் தேறாது. அதனால் அவளுக்கு ஐந்து ஏக்கர் மேல் ஆசையில்லை, அரை ஏக்கர் மேலும் ஆசையில்லை. ஒரே கூரைக்கடியில் அவன் பக்கத்தில் படுத்து, அவன் விடுகிற குறட்டையைக் கேட்டுச் சலித்துக்கொள்ள வேண்டும். அவள் சாமியிடம் கேட்டது அவ்வளவுதான். சாமிக்கு அது பெரிய காரியமாகப் பட்டதோ, சில்லறைக் காரியமாகப் பட்டதோ, காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காட்டிலேயே குடிசை போட்டார்கள். கழுவன் கிணறு வெட்ட ஆரம்பித்தான். அவன் கடப்பாரையால் குத்திப் பெயர்த்ததைக் கூடையில் போட, அவள் மேலே நின்று உருளையில் வடக்கயிற்றைப் போட்டு இழுத்து, கல்லையும் சரளையையும் ஓரத்தில் கொட்டினாள். சம்சாரி கிணறு வெட்டினால் மடி காலியானதும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நிறுத்திவிடுவான். பட்டாளத்தான் அப்படியில்லை, பாருங்கள். பட்டாளத்தானைத் தோண்டு என்று சொன்னால், நிறுத்து என்று சொல்கிறவரை தோண்டுவான். அவன் பழக்கம் அது. பதுங்குகுழி வெட்டிப் பழகிய கை. அவனைத் தோண்டச் சொல்லிக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள், நிறுத்தச் சொல்லி ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

பனைமர ஆழம் போயிருப்பான். ஒருநாள் உச்சிப்பொழுதில் அவன் குத்திய கடப்பாரை பொக்கென்று உள்ளே போனது. போன இடத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"யாருய்யா அது, தலையில மண்ணைத் தள்றது?"

கழுவன் குனிந்து பார்த்தான். கீழே காக்கி அரைக்கால் சட்டை போட்டு, முழங்கால்வரை துணிப்பட்டை சுற்றிய ஒரு ஆள் கடப்பாரையோடு நின்றுகொண்டிருந்தான். பெயர் தேவசகாயமாம். வெள்ளைக்காரன் காலத்தில் பஸ்ராச் சண்டைக்குப் போய் வந்ததற்காக இந்த நிலத்தைக் கொடுத்தார்களாம். அன்றைக்கு வெட்ட ஆரம்பித்தவன், இன்னும் தண்ணீரைக் காணோமாம்.

கழுவன் அண்ணாந்து மேலே குரல் கொடுத்தான். "ஏ புள்ள, நாளையிலருந்து கஞ்சி ரெண்டாளுக்குக் கொண்டா!"

"யாரு வந்திருக்கா?"

"வரலை. முன்னாடியே இருக்காரு!"

விருமாயிக்குக் கேழ்வரகு மாவை நினைத்துத்தான் கவலை வந்தது. பானைக்குள் கைவிட்டு அளந்து பார்த்து, தன் பங்கைப் பாதியாக்கிக்கொண்டாள்.

அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து வெட்டினார்கள். வெட்ட வெட்ட, பாளையக்காரருக்காக வேல்கம்பு பிடித்த சிங்கிலி வந்தான், கழுத்தில் நிலம் கொடுத்த செப்புத்தகடு தொங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கும் கீழே, தெலுங்கு கலந்து பேசுகிற நரசப்பன், கோட்டைச் சண்டையில் ஒரு கண்ணைக் கொடுத்து இந்த நிலத்தை வாங்கியவன். அவனுக்கும் கீழே, பாண்டியனுக்காகச் சண்டை போட்ட ஒருத்தன். அவன் பேசுவது பாதி புரிந்தது, பாதி பாட்டுப் போல இருந்தது. ஒவ்வொரு ராஜாவும் ஒவ்வொரு சண்டை முடிந்ததும் வரி தேறாத இந்தக் காட்டைத்தான் தேடிப் பிடித்துச் சன்மானமாகக் கொடுத்திருக்கிறான். ஒவ்வொரு பட்டாளத்தானும் இதே இடத்தில்தான் கிணறு தோண்டியிருக்கிறான். எல்லாரும் ஒருவருக்குக் கீழ் ஒருவராக, தலைக்குமேல் உலகம் மாறியது தெரியாமல், கடப்பாரையும் கையுமாக. பாண்டியன் ஆளுக்கும் கீழே, இன்னும் யாரோ குத்துகிற சத்தம் மெல்லக் கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

ஊர் இதைக் கேள்விப்பட்டதும் ஆச்சரியப்பட்டிருக்கும் என்று நினைப்பீர்கள். ஊருக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? ஊர்ப்பெரியவர் சின்னாண்டி விளிம்பில் வந்து நின்று, கையை வாய்க்குக் குவித்து, உள்ளே கேட்ட முதல் கேள்வி, "என்ன ஆளுக நீங்கள்லாம்?" என்பதுதான். உள்ளேயிருந்து ஒருத்தன் தன் பட்டாளத்தின் நம்பரைச் சொன்னான், ஒருத்தன் கோட்டைவாசல் காவல் என்றான், ஒருத்தன் யானைக்கு முன்னால் ஓடுகிறவன் என்றான். எந்தத் தெருவில் சேர்ப்பது, யாருக்கு எந்தக் குவளை என்று மந்தையில் இரண்டு நாள் பேசி, மூன்று பேர் அடித்துக்கொண்டு, கடைசியில் பூமிக்குக் கீழே தெரு கிடையாது, எல்லாருக்கும் ஒரே சட்டியில் இறக்கலாம், ஆனால் சட்டி மேலே வந்ததும் ஊருக்குள் கொண்டுவரக் கூடாது என்று முடிவு செய்தார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்த ஒரு தாய் விருமாயியைத் தனியாக அழைத்து, "அதுல கல்யாணம் ஆகாதவுக யாராச்சும் இருக்காகளா, மதினி? எந்த ராசா காலமா இருந்தா என்ன, அஞ்சு ஏக்கர் இருக்குல்ல?" என்று விசாரித்தாள்.

இரவும் பகலும் நிலத்துக்குள்ளிருந்து வருகிற ணங் ணங் என்ற சத்தத்துக்கு ஊர் பழகிப்போனது. பிள்ளைகள் தாலாட்டு இல்லாமல் அதைக் கேட்டே தூங்கின. சேவல் கூவுவதை மதிப்பார் இல்லை. ஊரில் எழுந்த அத்தனை காரைவீட்டுக்கும் அஸ்திவாரக்கல் அந்தக் கிணற்றிலிருந்து வந்ததுதான். வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போனார்கள். அள்ளியது போக மிச்சம் குவிந்துகொண்டே போய், குவியல் திட்டாகி, திட்டு கரடாகி, கழுவனின் ஐந்து ஏக்கரையும் மூடிக்கொண்டு ஒரு மலையாக நின்றது. நம் ஊரில் மலை என்று ஒன்று நின்றுவிட்டால் போதுமே. ஒரு வெள்ளிக்கிழமை யாரோ உச்சியில் வேல் நட்டார்கள், அடுத்த வெள்ளிக்கிழமை உண்டியல் வைத்தார்கள், பௌர்ணமிக்குச் சுற்றி வர ஆரம்பித்தார்கள். சுற்றி வருகிறவர்கள், கிணற்றுமேட்டில் தோள்பட்டை இறங்கிப்போய்க் கயிறு இழுத்துக்கொண்டிருந்த விருமாயியிடம், "கொஞ்சம் தள்ளி நின்னு இழு தாயி, சாமி சுத்துறோம்ல" என்றார்கள்.

அவள் தள்ளி நின்று இழுத்தாள். கயிறு இழுக்க என்று வாங்கிய மாட்டை முதல் வருஷமே விற்றாகிவிட்டது. கிணறு ஆழமாக ஆக, குரல் வந்து சேர நேரம் பிடித்தது. காலையில் கூப்பிட்டால் பதில் சாயங்காலம் வந்தது.

"ஏங்க, இந்தக் காடும் வேணாம் மேடும் வேணாம், மேல வாங்க!" என்று விடியும்போது சொல்லி அனுப்புவாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவன் குரல், களைத்துப்போய், சுவரெல்லாம் இடித்துக்கொண்டு ஏறி வரும்.

"இன்னுங் கொஞ்சம்தான் புள்ள. ஈரம் தட்டுது!"

ஈரம் தட்டியது உண்மைதான். ஒருநாள் கூடையில் வந்த மண் நசநசவென்று இருந்தது. விருமாயி ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். உப்பு. ஊற்று உப்பு இல்லை அது. சண்டையிலிருந்து லீவில் வந்தபோது அவன் கழுத்தடியில் அவள் அறிந்திருந்த உப்பு. கயிற்றைக் கட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மேலே வெட்டுகிறவன் வேர்வை கீழே இறங்குகிறது. கீழே வெட்டுகிறவன் அதைத் தொட்டுப் பார்த்து ஈரம் தட்டுது என்று இன்னும் ஆழமாகக் குத்துகிறான். இத்தனை ராஜாக்கள் காலமாக அந்த ஐந்து ஏக்கரில் ஊறியது அது ஒன்றுதான்.

அன்றிலிருந்து, நிறுத்து என்று அவனுக்குச் சொல்ல ஒரு ஆளைத் தேடி அலைய ஆரம்பித்தாள் விருமாயி. பெண்டாட்டி சொன்னால் அது பிரியம், உத்தரவு ஆகாது. அதிகாரம் உள்ள வாய் ஒன்று வேண்டும்.

தாசில்தார் ஆபீசுக்குப் போனாள். காத்துக் கிடந்து உள்ளே போய், "சாமி, ஒரு எட்டு வந்து கிணத்துக்குள்ள நிறுத்துன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள்.

தாசில்தார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். "நாங்க கொடுத்தது மேல்மண்ணும்மா. அவர் இப்ப இருக்கிறது கீழ. கீழ இருக்கிறது சர்க்கார் சொத்து. சட்டப்படி பார்த்தா அவரு அத்துமீறி நுழைஞ்சிருக்காரு."

"அப்ப வெளிய வரச் சொல்லுங்க, சாமி. அதைத்தானே நானும் கேக்குறேன்?"

"அதுல இன்னொரு சிக்கல் இருக்கு. நிலத்துலயே குடியிருக்கணும்னு கண்டிசன். அவரு குடியில்லைன்னு ரிப்போர்ட் வந்திருக்கு."

"நிலத்துக்கு உள்ளயேதானே இருக்காரு! அவரை விட நிலத்துல இருக்கிற ஆளு இந்தத் தாலுகாவுலயே உண்டா?"

"உள்ள இருக்கிறது கணக்கில்லம்மா, மேல இருக்கணும். மேல இப்ப நிலமும் இல்ல, மலைதான் இருக்கு. மலைன்னா அது புறம்போக்கு" என்று சொல்லி, அடுத்த ஆளை வரச் சொல்லி மணியை அடித்தார்.

பட்டாளத்து ஆபீசுக்குப் போனாள். சம்பளப் புத்தகத்திலிருந்து பெயரை எடுத்த ஆளுக்கு உத்தரவு போட முடியாது என்று, உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் டவுனில் பேரப்பிள்ளைகளோடு பொழுதைக் கழித்துக்கொண்டிருந்த ராயப்பன் என்கிற பழைய சுபேதாரைப் பிடித்தாள். மீசை மட்டும் பாக்கியிருந்த மனுஷன்.

"என் பட்டாளத்து ஆளே இல்லையேம்மா அவன்? நான் எப்படிச் சொல்றது?"

"உங்க பட்டாளத்துல தோண்டச் சொன்னது யாரு, அய்யா?"

"நான்தான்."

"நிறுத்தச் சொன்னது?"

சுபேதார் மீசையைத் தடவிவிட்டுக்கொண்டு எழுந்தார். பிறகு உள்ளே போய், தொப்பைமேல் பூட்டாத உடுப்பை மாட்டிக்கொண்டு, மெடல்களைக் குத்திக்கொண்டு அவளோடு பஸ் ஏறினார்.

விளிம்பில் வந்து நின்றவர், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "கழுவன் மட்டும்னா நம்ம சர்க்கார் பேரால சொல்லிரலாம். அத்தனை பேரு இருக்காங்களே, எந்த ராசா பேரால நிறுத்தச் சொல்லட்டும்?"

"எல்லா ராசா பேராலயும் சொல்லுங்க, அய்யா. சொல்ல வேண்டியவுக அத்தனை பேரும் சொல்லாமலே செத்துப்போயிட்டாக."

சுபேதார் குதிகாலைச் சேர்த்து நின்றார். நெஞ்சை நிமிர்த்தி, ஆயுசில் மிச்சமிருந்த மூச்சையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, "ஹால்ட்!" என்று ஒரு சத்தம் கொடுத்தார். மலைமேல் வேலில் கட்டியிருந்த மணி ஆடியது. அந்த ஒரு வார்த்தை கிணற்றுக்குள் விழுந்து, சுவரில் மோதி மோதி, இறங்கி இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. விருமாயி விளிம்பில் குப்புறப் படுத்து, அது போகிற வழியைக் காதால் பார்த்துக்கொண்டிருந்தாள். கிணறு முன்னைவிட ஆழமாகிவிட்டதால் சாயங்காலம்தான் போய்ச் சேரும். நாளைக் காலையில் பதில் வரும். அப்புறம் அவன் வருவான்.

அன்றைக்கு உச்சிப்பொழுதில் புல்டோசர் வந்தது.

நிலம் சர்க்காருக்குத் திரும்பிவிட்டதாம். மலையைத் தரைமட்டமாக்கிக் கொடுக்கக் காண்ட்ராக்ட் விட்டாகிவிட்டதாம். ஊர் கூடி, தாளம் தட்டி, சூடம் கொளுத்தி, உச்சியிலிருந்த வேலைப் பட்டுத்துணியில் சுற்றிப் பத்திரமாக இறக்கினார்கள். உண்டியலை அதைவிடப் பத்திரமாக இறக்கினார்கள். விருமாயி வண்டிக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றாள்.

"ஆளு இருக்காக உள்ள! உத்தரவு இப்பத்தான் இறங்கிக்கிட்டிருக்கு. இன்னும் போய்ச் சேரலை. ஒரே ஒரு ராத்திரி பொறுங்க, அய்யா!"

டிரைவர் நல்ல பையன். இறங்கி வந்து அவள் கையைப் பிடித்து ஓரத்தில் உட்கார வைத்தான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. "எனக்கும் உத்தரவுதான் ஆத்தா" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டான். சுபேதார் அவனைப் பார்த்தும் ஹால்ட் என்று சொல்லிப் பார்த்தார். இஞ்சின் சத்தத்தில் அது மீசையைக்கூடத் தாண்டவில்லை. கிணற்றிலிருந்து வந்த மலை கிணற்றுக்கே போனது. ஊரார் வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். அஸ்திவாரக்கல் பாக்கி வேண்டியவர்கள் அவசரமாக அள்ளிக்கொண்டார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ணங் ணங் என்ற சத்தம் நின்றது. உத்தரவு போய்ச் சேர்ந்துவிட்டது. அன்று ராத்திரி சொக்கன்கரட்டில் ஒரு பிள்ளைகூடத் தூங்கவில்லை.

விருமாயி ஊருக்குள் வரவில்லை. தாலியையும் கழற்றவில்லை. செத்தவர்களுக்குச் செய்கிற சடங்கைச் செய்யச் சொல்லி வந்தவர்களைக் கூடையால் அடித்து விரட்டினாள். நிலத்தின் ஓரத்தில் குடிசையை இன்னும் கொஞ்சம் ஒட்டிப் போட்டுக்கொண்டு, தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் மூடிய கிணற்றுமேல் காதை வைத்துப் படுத்தாள். மழையில்லாத ஐப்பசிகள் போயின. அப்புறம் ஒருநாள் கேட்டது. பழைய சத்தம் இல்லை. கீழே குத்தினால் கடப்பாரை ணங் என்னும். இது பொத் என்று அமுங்கியது, பின்னாலேயே மண் சரிகிற சலசலப்பு. மேலே பார்த்துக் குத்துகிற கடப்பாரை அப்படித்தான் பேசும். ஒன்றல்ல, ஐந்தாறு கடப்பாரை. எல்லா ராஜாவுடைய ஆட்களும் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் வேலை மெதுவாக நடந்தது. அவள் தலை நரைத்து, பல் விழுந்து, முதுகு வளைந்து காதுக்கும் தரைக்கும் தூரம் குறைந்துபோன பிறகும் சத்தம் ஆழத்திலேயேதான் கிடந்தது.

அப்போதுதான் வடக்கே பனிமலைச் சண்டை முடிந்தது. குளிரில் கைவிரல் இரண்டு உதிர்ந்துபோன காசிராஜன் என்கிற பையனுக்கு, சர்க்கார் சந்தோஷப்பட்டு நிலம் கொடுத்தது. எந்த நிலம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கண்டிசனும் அதேதான். காசிராஜன் பெண்டாட்டி செவ்வந்தியோடு வந்து, நாலு இடத்தில் குத்திப் பார்த்து, மண் பொலபொலவென்று இருந்த இடத்தில் கிணறு வெட்ட ஆரம்பித்தான். பக்கத்துக் குடிசைக் கிழவி தினமும் ஒரு சட்டி கஞ்சியோடு வந்து மேட்டில் உட்கார்ந்தாள்.

"எங்க ரெண்டு பேருக்கு இவ்வளவு கஞ்சி எதுக்கு, ஆத்தா?" என்பான் அவன்.

"இருக்கட்டும்ப்பா. ஆளு வந்தா வேணும்ல."

போன வாரம், பையன் உள்ளேயிருந்து குதியாட்டமாகக் கத்தினான். "செவ்வந்தி, ஈரம் தட்டுதுடி!"

செவ்வந்தி கூடையை இழுத்துப் போட்டு, நசநசத்த மண்ணை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஓடி வந்தாள். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற பெண். "பாருங்கத்தை! தண்ணி வந்துருமா?"

விருமாயி ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். உப்பு. அந்தக் கழுத்தடி உப்பு. கண்ணை மூடி அதைக் கரைய விட்டாள். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அவள் முகத்தில் கல்யாணப்பெண் ஒருத்தி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். செவ்வந்தி கிழவியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். இது தண்ணீர் இல்லை, உன் புருஷனை மேலே கூப்பிட்டுக்கொண்டு எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள் என்று சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. நிறுத்தச் சொல் என்கிற வார்த்தை. அந்த வார்த்தைக்காக ஒரு காலத்தில் தாலுகா முழுக்கச் செருப்பில்லாமல் நடந்தவள் அவள்.

"தோண்டச் சொல்லு, தாயி" என்றாள் விருமாயி.

அப்புறம் கம்பை ஊன்றிக்கொண்டு கயிற்றுக்கடைக்குப் போனாள். எவ்வளவு நீளம் வேண்டும் என்று கடைக்காரன் கேட்டதற்கு, "இருக்கிறதையெல்லாம் கொடு" என்றாள்.

அவ்வளவுதான் கதை. உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், அந்தப் பையன் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அந்தப் பெண்ணிடமும் மூச்சு விடாதீர்கள். அவன் நிறுத்திவிட்டால் கீழே இருப்பவர்களுக்கு வழியில்லை, நிறுத்தாவிட்டால் அவனுக்கு வழியில்லை, இதில் எது பாவம் என்று எனக்குத் தெரியவில்லை. மீறிச் சொல்லித்தான் தீருவீர்கள் என்றால், சொன்னது யார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொக்கன்கரட்டில் கயிறு விற்கிற கடை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.